வீட்டுப்பாடம் செய்வான் என்று நம்பி முன்கூட்டியே போட்ட மார்க்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுவதும் படியுங்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் கார் வாங்கும் யோசனையில் இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் நம் எட்டாம் வகுப்பு 1998 வாட்ஸ்அப் குழுவில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் கார் படம் போட்டிருந்தார். 2024 மாடல், ஒரு கை மாறிய வண்டி. பளபளவென்று இருந்தது. "டீச்சர், பிளக்-இன் ஹைபிரிட். பெரிய பேட்டரி. ஒரு சார்ஜில் 120 கி.மீ. கரண்ட்டிலேயே ஓடும். பெட்ரோல் 100 கி.மீ.க்கு 0.5 லிட்டர்தான்!" என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் வாழ்த்தினார்கள். நானும் வாழ்த்தினேன். உண்மையாகவே சந்தோஷம்தான். மதிய உணவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளை அவர்.

ஆனால் பழக்கம் விடவில்லை. 100-ஐ 0.5-ஆல் வகுத்துப் பார்த்தேன். "லிட்டருக்கு 200 கிலோமீட்டரா தம்பி?" என்று கேட்டேன். "ஆமாம் டீச்சர், ஐரோப்பிய சர்டிபிகேட்டிலேயே இருக்கிறது" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு மாணவர், "டீச்சர், இதெல்லாம் உங்க காலத்துக் கணக்கு இல்லை" என்று சிரிப்புப் பொம்மையோடு எழுதினார்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு. நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, வகுத்தலும் சதவீதமும் சராசரியும் சொல்லிக்கொடுத்தவள். இந்த 0.5 லிட்டரைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

முதலில் உறவுகளுக்கு ஒரு விளக்கம். பிளக்-இன் ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், மோட்டாரும் பேட்டரியும் இருக்கும். வீட்டில் செல்போனுக்குப் போடுவது போல வண்டிக்கும் சார்ஜ் போடலாம். சார்ஜ் இருக்கும் வரை பெரும்பாலும் கரண்ட்டில் ஓடும். தீர்ந்ததும் பெட்ரோல் இன்ஜின் வேலையை எடுத்துக்கொள்ளும். சார்ஜே போடாமல் பெட்ரோலை மட்டும் ஊற்றிக்கொண்டு காலம் முழுக்க ஓட்டினாலும் ஓடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. கரும்பலகையில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கார். பேட்டரி தீர்ந்த நிலையில் 100 கி.மீ.க்கு 6 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் 60 கி.மீ. போகும். இந்தக் காரின் மைலேஜ் என்ன? சார்ஜ் போட்டவனுக்கு ஒன்று, போடாதவனுக்கு வேறு. ஆனால் சர்டிபிகேட்டில் ஒரே எண் வேண்டும். அதற்கு ஐரோப்பியச் சோதனை முறையில் 'பயன்பாட்டுக் காரணி' என்று ஒன்று வைத்தார்கள். 60 கி.மீ. பேட்டரி உள்ளவர் தினமும் சார்ஜ் போட்டு, தன் ஓட்டத்தில் சுமார் 80 சதவீதத்தைக் கரண்ட்டில் ஓட்டிவிடுவார் என்பது 2024 வரை இருந்த அனுமானம். மீதி 20 சதவீதத்துக்குத்தான் பெட்ரோல். 6-இல் 20 சதவீதம் 1.2 லிட்டர். சர்டிபிகேட்டில் 1.2.

இரண்டாவது கார். அதே காரில் பேட்டரியை இரண்டு மடங்கு ஆக்குகிறோம். 120 கி.மீ. போகும். எடை கூடியதால் பெட்ரோலில் ஓடும்போது 6 லிட்டருக்குப் பதில் 6.3 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 கி.மீ. பேட்டரிக்கு அதே சூத்திரம் தருவது ஏறத்தாழ 92 சதவீதம். மீதி 8 சதவீதம். 6.3-இல் 8 சதவீதம் 0.5 லிட்டர்.

பார்த்தீர்களா? பெட்ரோலில் ஓடும்போது இரண்டாவது கார்தான் மோசம். சர்டிபிகேட்டில் அது இரண்டு மடங்குக்கு மேல் நல்ல கார். 1.2 லிட்டர் 0.5 ஆனதற்கு இன்ஜினில் யாரும் எதையும் திருத்தவில்லை. யாரும் கூடுதலாக ஒரு நாள்கூட பிளக் சொருகவில்லை. பேட்டரி பெரிதானது, அனுமானம் பெரிதானது, அவ்வளவுதான்.

வகுப்பறையில் இதை எப்படிச் சொல்வேன் தெரியுமா? ஒரு பையன் பெரிய நோட்டு வாங்கி வந்திருக்கிறான். 40 பக்க நோட்டு வாங்கியவன் 80 சதவீதம் வீட்டுப்பாடம் செய்வான், 80 பக்க நோட்டு வாங்கியவன் 92 சதவீதம் செய்வான் என்று நானே முடிவு செய்து, பருவத் தொடக்கத்திலேயே ரேங்க் கார்டில் மார்க் போட்டுவிடுகிறேன். நோட்டைத் திறந்தானா என்று வருடம் முழுக்கப் பார்ப்பதே இல்லை. இப்படி நான் செய்திருந்தால் தலைமையாசிரியர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

சரி, நோட்டைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன?

2021 முதல் ஐரோப்பாவில் வரும் புதுக் கார்களில், எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு எரிபொருள் செலவானது என்று பதிந்துவைக்கும் மீட்டர் கட்டாயம். அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சர்டிபிகேட்டைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் செலவழித்தன. அது எல்லா நாட்டிலும் உள்ள கதை. பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் புகை சர்டிபிகேட்டில் இருப்பதுபோல் 3.5 மடங்கு! இது பத்திரிகைக்காரர் கட்டிய கதை இல்லை. காருக்குள் இருக்கும் மீட்டரே சொன்னது.

அதற்கு முன், 2022-இல் ஐ.சி.சி.டி. ஆய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனமும் ஐரோப்பியக் கார்களை ஆராய்ந்தன. சொந்தக் காராக வைத்திருப்பவர்கள் 45 முதல் 49 சதவீதம் கரண்ட்டில் ஓட்டினார்கள். 100 கி.மீ.க்கு 4.0 முதல் 4.4 லிட்டர் செலவு. கம்பெனி கொடுத்த காரை ஓட்டியவர்கள் வெறும் 11 முதல் 15 சதவீதம்தான் கரண்ட்டில் ஓட்டினார்கள். செலவு 7.6 முதல் 8.4 லிட்டர். சர்டிபிகேட்டில் சராசரியாக 1.6, 1.7 லிட்டர் என்று இருந்த கார்கள் இவை.

இந்த கம்பெனிக் கார் விஷயம் எனக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன கோடையில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அவர்களும் ஜெர்மனியில்தான். விமான நிலையத்தில் என் பெட்டியை வைக்க மாப்பிள்ளை டிக்கியைத் திறந்தார். ஓரத்தில் தடியான கேபிள் ஒன்று, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. "இது என்ன மாப்பிள்ளை, புதுசா வாங்கினீங்களா?" என்றேன். "இல்ல அத்தை, காரோட வந்தது. சார்ஜ் போடுற கேபிள்" என்றார். கார் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

வீடு வந்ததும் விவரம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். பெட்ரோலுக்கு கம்பெனி கார்டு கொடுத்திருக்கிறது. வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் தன் கணக்கில். அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் பிளக் பாயிண்டும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கார்? வரி. அந்த நாட்டில் கம்பெனிக் காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டினால், காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதத்தை வருமானமாகச் சேர்த்து வரி போடுகிறார்கள். பிளக்-இன் ஹைபிரிட் என்றால் 0.5 சதவீதம்தான். அதற்கு, புகை அளவு சர்டிபிகேட்டில் கிலோமீட்டருக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அல்லது பேட்டரி குறிப்பிட்ட தூரம் ஓட வேண்டும். முன்பு 60 கி.மீ. என்று இருந்தது, 2025 முதல் 80 கி.மீ. ஆனது. பேட்டரி எத்தனை கி.மீ. ஓடும் என்று சட்டம் கேட்கிறது. பிளக் சொருகினாயா என்று கேட்கவில்லை.

காரின் திரையில் சராசரி 7.4 லிட்டர் என்று இருந்தது. சர்டிபிகேட்டில் அதுவும் ஒரு லிட்டருக்குள் அடங்கும் கார்தான். 150 கிலோவுக்குக் குறையாத பேட்டரி அது. வண்டியைவிட்டு இறங்கவே இறங்காத இரண்டு ஆட்களை தினமும் பெட்ரோல் போட்டுச் சுமந்துகொண்டு போவதற்குச் சமம். அதற்கு வரிச் சலுகை வேறு.

மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. இருக்கும் விதியில் யார் கணக்குப் போட்டாலும் அந்த விடைதான் வரும். விதி போட்டவர்களைத்தான் குறை சொல்கிறேன். இது அவர் ஒருவரின் கதையும் இல்லை. பிரிட்டனில் 2018-இலேயே 1,500 கம்பெனிக் கார்களின் கணக்கு வெளியானது. விளம்பரத்தில் லிட்டருக்கு 46 கி.மீ., சாலையில் 14 கி.மீ. திரும்ப ஒப்படைத்த கார்களில் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது என்ற செய்தியும் அதோடு வந்தது. என் மாப்பிள்ளையின் டிக்கியைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர்கள் தப்பை உணர்ந்து விதியைத் திருத்தினார்கள். 2025 முதல் வந்த விதியில், 60 கி.மீ. காருக்கு 80 சதவீதம் என்ற அனுமானம் ஏறத்தாழ 54 சதவீதமாகக் குறைந்தது. 2027-க்கு வைத்துள்ள அடுத்த திருத்தத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வரும். அந்த இரண்டாவது திருத்தம் வேண்டாம் என்று ஜெர்மன் கார் உற்பத்தியாளர் சங்கம் கேட்கிறது. ஏன் கேட்காது?

ஆனால் திருத்தத்துக்குப் பிறகும் அடிப்படைக் கோளாறு போகவில்லை. பேட்டரி பெரிதானால் மார்க் கூடும் என்ற ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. மார்க் குறைகிறதா, இன்னும் பெரிய நோட்டு வாங்கு! ஃபோக்ஸ்வேகன் பஸாட்டின் முதல் பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி 9.9 யூனிட். அடுத்தது 13. இப்போதைய தலைமுறையில் பயன்படுத்தக்கூடிய அளவே 19.7 யூனிட். மெர்சிடிஸ் சி 300 இ-யில் 25.4 யூனிட். பெரிய பேட்டரி வந்ததால் மக்கள் அதிகம் சார்ஜ் போடுகிறார்களா? டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்ற அமைப்பு, 2023-இல் பதிவான ஐரோப்பியக் கார்களின் மீட்டர் பதிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டது. சர்டிபிகேட் அனுமானம் 84 சதவீதம், நடப்பு 27 சதவீதம். 75 கி.மீ.க்கு மேல் ஓடும் பேட்டரிக் கார்கள், 45 முதல் 75 கி.மீ. ஓடும் கார்களைவிடச் சராசரியில் அதிகப் புகை விட்டன. அது மின்சாரக் கார்களுக்காகப் பிரசாரம் செய்யும் அமைப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்கள் அரசு திரட்டிய எண்கள்தான்.

எடை எவ்வளவு செய்யும் என்று பார்க்க அமெரிக்க லேபிளைப் பாருங்கள். அங்கே பெட்ரோலில் மட்டும் ஓடினால் என்ன மைலேஜ் என்று தனியாக அச்சிட வேண்டும். டொயோட்டா பிரியஸ் 2023, சாதாரண ஹைபிரிட்டின் சிக்கனமான மாடல் லிட்டருக்குச் சுமார் 24 கி.மீ. அதே வண்டியில் 13.6 யூனிட் பேட்டரி வைத்த பிரியஸ் பிரைம், பெட்ரோலில் ஓடும்போது சுமார் 22 கி.மீ. சார்ஜ் போடாதவனுக்கு அதிக விலை கொடுத்து வாங்கிய கார்தான் குறைந்த மைலேஜ் தருகிறது.

நம் ஊருக்கும் இது வந்தாயிற்று. பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். என்ற பிளக்-இன் ஹைபிரிட் 2022 டிசம்பரில் இந்தியாவில் 2.6 கோடி ரூபாய்க்கு அறிமுகமானது. 2,700 கிலோ எடை, 4.4 லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜின். இங்கே அதற்குச் சொல்லப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 61.9 கி.மீ. நான் பள்ளிக்குப் போய்வந்த மொபெட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கொடுத்தது! அதே காருக்கு அமெரிக்க லேபிளில், பெட்ரோலில் மட்டும் ஓடினால் லிட்டருக்கு ஏறத்தாழ 6 கி.மீ. கார் ஒன்று, எண் இரண்டு, பத்து மடங்கு வித்தியாசம். இரண்டுமே அதிகாரபூர்வ எண்கள்.

குழுவில் வந்த எதிர்வாதங்களுக்கும் பதில் சொல்கிறேன்.

"டீச்சர், நான் தினமும் சார்ஜ் போடுவேன்." மிக நல்லது தம்பி. அப்படியானால் உனக்குப் பெரிய பேட்டரியால் உண்மையிலேயே லாபம். அலுவலகம் போய்வர 50 கி.மீ. என்றால், வாரம் முழுக்கப் பெட்ரோல் செலவு மிகவும் குறைந்துவிடும். ஆனால் கரண்ட் இலவசம் இல்லை. 0.5 லிட்டர் என்று எழுதிய சர்டிபிகேட்டில் கரண்ட் செலவு தனி வரியாக இருக்கும். அதையும் கூட்டிப் பார்.

"பெரிய பேட்டரி என்றாலே மோசமா?" நான் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் செவர்லே வோல்ட் 2011-இல் 16 யூனிட் பேட்டரியில் 56 கி.மீ. ஓடியது. பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 16 கி.மீ. அடுத்த தலைமுறையில் பேட்டரி 18.4 யூனிட், 85 கி.மீ. ஓட்டம், பெட்ரோலிலும் சுமார் 18 கி.மீ. இரண்டையும் சேர்த்து முன்னேற்றியவர்கள் இருந்தார்கள். செய்த வேலைக்கு மார்க் போட்டால் இன்ஜினியர்கள் அப்படித்தான் வேலை செய்வார்கள். நோட்டின் பருமனுக்கு மார்க் போட்டால் நோட்டைத்தான் பெரிதாக்குவார்கள்.

"டீச்சர், நீங்க விஞ்ஞானத்துக்கு எதிரா?" இது மட்டும் எனக்கு வருத்தம். அனுமானத்தை அளவு என்று சொல்லி விற்காதே என்பது விஞ்ஞானத்துக்கு எதிரா? நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதானே.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, பேட்டரி தீர்ந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற எண்ணை, அந்த 0.5-க்கு நிகரான பெரிய எழுத்தில் போட வேண்டும். ஜெர்மன் விளம்பரங்களில் இப்போது அந்த எண் இருக்கிறது. மகள் காட்டினாள். அடியில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் தேட வேண்டிய பொடி எழுத்தில். இரண்டு, வரிச் சலுகையைப் பேட்டரி அளவுக்குக் கொடுக்காமல், மீட்டர் காட்டும் உண்மையான ஓட்டத்துக்கு வருடக் கடைசியில் கொடுக்க வேண்டும். மீட்டர் ஏற்கெனவே காருக்குள் இருக்கிறது. மூன்று, கார் கொடுக்கும் கம்பெனி பெட்ரோல் கார்டு கொடுப்பதற்கு முன்னால் கரண்ட் பில்லைக் கொடுக்கட்டும். நம் நாட்டில் இந்தக் கார்கள் இன்னும் சொற்பம்தான். பெருகுவதற்கு முன்பே லேபிளைச் சரியாக வைத்துக்கொள்ளலாம்.

கார் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பேட்டரி காலியாக இருந்தால் 100 கி.மீ.க்கு எவ்வளவு?" பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரவு வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா?" இருந்தால், தினமும் சொருகும் பழக்கமும் வருமென்றால், தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரண ஹைபிரிட் போதும். பணமும் மிச்சம், எடையும் மிச்சம்.

மாப்பிள்ளை விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் ஊர் திரும்புவதற்குள் அந்த கேபிள் உறையைப் பிரித்தாயிற்று. அவர் அலுவலகத்தின் கார் நிறுத்தத்தில் சார்ஜ் போடும் இடம் நான்கு இருக்கிறதாம், பெரும்பாலும் காலியாகவே இருக்குமாம். போன மாதம் காரின் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். 4.1 லிட்டர். சர்டிபிகேட் எண்ணுக்கு அது எங்கோ தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் 7.4 எங்கே, 4.1 எங்கே? அதே கார், அதே பேட்டரி. மாறியது பிளக் சொருகிய கை மட்டும்.

குழுவில் படம் போட்ட தம்பி, உன் காரைக் குறை சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இன்று முதல் ஒரு நோட்டுப் போடு. எத்தனை கி.மீ. ஓடியது, எத்தனை லிட்டர் பெட்ரோல், எத்தனை யூனிட் கரண்ட். மூன்று மாதம் கழித்து குழுவில் போடு. உன் சொந்த எண் 1 லிட்டருக்குக் கீழே வந்தால், நான் சொன்னது தப்பு என்று இதே இடத்தில் எழுதுகிறேன். மார்க் போடுவதில் நான் என்றும் கஞ்சத்தனம் செய்ததில்லை, உங்களுக்கே தெரியும்.

கணக்கில் எங்காவது பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். வழிமுறையோடு எழுதுங்கள், விடை மட்டும் எழுதினால் மார்க் இல்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்